ஸஹ்னாவின் முதுகில் ஒரு சவல்

பல்லேபொல,
ஜனவரி 12, ஞாயிறு.

அன்புள்ள மகள் ஸஹ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் றினோஸும் அந்தக் குளிருக்குள்ளும் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். இங்கே நானும் உம்மாவும் அல்ஹம்துலில்லாஹ் சுகம். போன கிழமை மழைக்கு உம்மாவுக்கு இழுப்பு இரண்டு நாள் தலைகாட்டியது, வாய்க்குள் மருந்துப் பம்பு அடித்ததும் அடங்கிவிட்டது, நீ பயப்பட ஒன்றுமில்லை. உன் சாச்சியின் மகள் ஜெஸ்லாவுக்குப் பலாபத்வலப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, காலையில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு த்ரீவீல்காரனோடு சண்டை பிடிப்பதுதான் இப்போது அவளுடைய முதலாம் பாடம் என்று உம்மா சொல்கிறாள். கொல்லையில் மிளகு பிஞ்சு பிடித்திருக்கிறது, இந்த மழை இன்னும் நீண்டால் பாதி உதிர்ந்துவிடும், பார்ப்போம்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு பேக்கின் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறம் பதினெட்டு லீட்டர், செம்மஞ்சள் முப்பது லீட்டர். பெப்ரவரியில் பனிமலைக்குப் போகிறோம், எது நல்லது வாப்பா என்று ஒரு வரிதான் கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உம்மா இடையில் புகுந்து சோற்றுப் பார்சல் வைக்க இடம் இருக்கா என்று கேட்பாள், றினோஸும் உன் பக்கத்தில் இருப்பார், அதனால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். பனியில் ஓர் அடி வைத்தறியாதவன் நான், ஆனால் முப்பத்தொரு வருடம் பத்திரிகைக்கு மாத்தளைச் செய்தி எழுதியவனுக்கு விசாரிக்காமல் பேனாவைத் திறக்க வராது. பத்து நாள் வாசித்தேன், வீடியோக்கள் பார்த்தேன், பிறகு டவுனில் பேக் கடை வைத்திருக்கிற ரவூபிடம் படங்களைக் காட்டினேன். ஸ்னோவுக்கு நான் ஒரு பேக்கும் வித்ததில்ல நானா, மழைக்கு வித்திருக்கேன் என்று சொல்லிவிட்டு, சாம்பல் பேக்கின் சிப்பைத் தொட்டுக் காட்டி, கையுறை போட்ட கைக்கு இந்தச் சின்ன இழுவை அம்பிடாது, இது ஊசியில நூல் கோக்கிறவங்களுக்குச் செஞ்ச பேக் என்று சிரித்தான். அவன் சொன்னது சரி. முதுகுப் பக்கம் வலைத்துணியாக இருப்பதும் சாம்பலில் ஒரு குறை, பனி அதில் ஒட்டி உருகி முதுகை நனைக்கும். செம்மஞ்சளுக்கு முதுகுப் பக்கம் வழுவழுப்பான துணி, இடுப்புப் பட்டியும் அகலம். லீட்டரை மட்டும் பார்த்து வாங்காதே, கழுத்துக்குக் கீழே துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பு மட்டம் வரை உன் முதுகை அளந்து பார்க்கும்படி றினோஸிடம் சொல், அந்த நீளத்துக்குப் பொருந்தாவிட்டால் பாரம் முழுக்கத் தோளில்தான் விழும். கடைக்கு, பனியில் சறுக்குகிற உன் ஸ்கீயையும் சப்பாத்துக்கு அடியில் கட்டுகிற அந்த அகலத் தட்டுகளையும் கொண்டுபோய் வெளியே பட்டியில் மாட்டி நடந்து பார், அவர்கள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். உறிஞ்சிக் குடிக்கிற குழாய் வேண்டாம், உறைந்துவிடுமாம், சுடுதண்ணீர்ப் போத்தலே போதும்.

இவ்வளவும் பேக்கைப் பற்றி. எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. பனி தோண்டுகிற சவல், பனிக்குள் குத்தித் தேடுகிற நீளக் கம்பி, மருந்துப் பெட்டி எல்லாம் றினோஸின் பெரிய பேக்கில் இருக்கும், எனக்குச் சின்னதே போதும் என்கிறார் என்று பிறகு நீ எழுதியிருந்தாய். போனிலும் அவர் என்னிடம், ஸஹ்னா வெறுங்கையோட வந்தாப் போதும் மாமா, தூக்குறதுக்கு நான் இல்லையா என்றார். உம்மா அதைக் கேட்டு, நல்ல புள்ள கிடைச்சிருக்கு என்று கண் கலங்கினாள். எனக்கும் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள்தான் அந்தப் பேச்சை நானே பேசியவன் என்பது ஞாபகம் வந்தது. உனக்கு ஒன்பது வயதில் நாம் ரிவஸ்டன் மலைக்குப் போனோமே, ஒரு மாமி பிளாஸ்கிலிருந்து சுடச்சுடத் தேத்தண்ணீரும் கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டும் தந்தார், அதுபோல ஒரு பிக்னிக் பிறகு வரவே இல்லை என்று நீ இன்றைக்கும் சொல்வாய். நடந்தது இது. வேனை விட்டு இறங்கியதும் தண்ணீர், சாப்பாடு, டோர்ச் எல்லாவற்றையும் என் பேக்கில் போட்டேன், உம்மா கையில் வைத்திருந்த ஹேன்ட்பேக்கையும் வாங்கி அதற்குள் வைத்தேன், அதற்குள்தான் பம்பு இருந்தது. கை வீசிக்கொண்டு நட என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு பத்திரிகைக்கு ஒரு படம் எடுக்க முன்னே ஏறிப் போனேன். முகில் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, கூப்பிட்டால் காற்று குரலைக் கொண்டுபோனது. நாற்பது நிமிடம், என் மணிக்கூட்டில் பார்த்தேன். நான் வந்து சேர்ந்தபோது உம்மா பாதையோரக் கரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், உதடு நீலம், தோள் இரண்டும் மேலேறி இறங்கியபடி. அந்த மாமி தேத்தண்ணீர் தந்தது பிக்னிக்குக்காக அல்ல மகள், சூடு உள்ளே போனால் மூச்சுக் கொஞ்சம் இளகும் என்றுதான். வேனில் திரும்பும்போது உம்மா என்னைத் திட்டவில்லை. அடுத்த முறை என்ட பேக்கை என்கிட்டயே விட்டுடுங்க என்று மட்டும் சொன்னாள். கலியாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் மடியில் பேக்கை வைத்திருக்கிறாள், உள்ளே என்ன தங்கமா என்று நீங்கள் எல்லோரும் கேலி செய்வீர்கள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ரிவஸ்டன் முகிலின் படம் பத்திரிகையில் வந்தது, மற்றது எதையும் நான் எங்கேயும் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

ஆகவே நான் சொல்வது றினோஸைக் குறை சொல்ல அல்ல. சொல்ல நாக்கு கூசுகிறது, அல்லாஹ் காப்பாற்றட்டும், பனி சரிந்து இரண்டு பேரில் ஒருவர் உள்ளே போனால் தோண்டுகிறவர் வெளியே நிற்கிற மற்றவர்தான். மூடினால் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்கப் பார்க்க வேண்டும், உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது என்று நான் வாசித்த எல்லாவற்றிலும் இருக்கிறது. உள்ளே போகிறவர் அவராக இருந்தால் சவலும் அவரோடு உள்ளே போய்விடும். நீ மேலே வெறுங்கையோடு நிற்பாய். அவர் உன் பாரத்தைக் குறைக்கவில்லை, அவரைக் காப்பாற்றுகிற ஒரே ஆளின் கையைக் காலியாக்குகிறார். முப்பது லீட்டரை வாங்கு, சவலுக்கும் கம்பிக்கும் அதில் தனி அறை இருக்கிறது, அதற்குள் சாப்பாடு வைக்காதே. ஆளைத் தேடுகிற அந்தச் சமிக்ஞைக் கருவி பேக்கில் அல்ல, ஆளுக்கொன்று உடம்பிலேயே கட்டியிருக்க வேண்டுமாம். இந்தப் பக்கத்தை றினோஸும் வாசிக்கட்டும், ரிவஸ்டன் கதையையும் சேர்த்து.

உங்கள் இருவரையும் போன வழியே அல்லாஹ் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரட்டும், அன்றைய நிலைமை ஆபத்து என்று அறிவித்தால் வீட்டிலேயே இருங்கள், மலை எங்கேயும் போகாது. உம்மா உனக்கு முத்தமும் றினோஸுக்கு சலாமும் சொல்கிறாள். ஒரு விஷயம் மறக்க வேண்டாம். போவதற்கு முன் ஒரு நாள் வீட்டுக்குப் பின்னால் பனியில் றினோஸைச் சும்மா உட்கார வை, அவர் வாயும் திறக்கக் கூடாது, கையும் நீட்டக் கூடாது. நீ கையுறையைக் கழற்றாமல் பேக்கைத் திறந்து, கம்பியை நீட்டி, சவலைப் பூட்டி, இடுப்பளவு தோண்டு. எத்தனை நிமிடம் ஆனது என்று பார்த்து எனக்கு எழுது. குறைத்து எழுதாதே.

உன் வாப்பா,
நுஹ்மான்