எதற்கும் ஒரு பிரிண்ட்

அன்பும் மரியாதையும் நிறைந்த அம்மாவுக்கு, ஓஸ்லோவிலிருந்து ஜெசிந்தா எழுதுகிறேன்.

முழங்கால் வலி குறைந்ததா? கடலூர் கோர்ட் வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்தே டைப் அடிக்காமல், இடையிடையே எழுந்து நடங்கள். நான் சௌக்கியம்.

செவ்வாய்க்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. ஆபீஸ் கணினிகளை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைப் புதுப்பித்திருந்தார்கள். அதன் புதிய திரை ஏற்பாட்டில், ஒரு செயலி இன்னொரு செயலியின் ஜன்னலை அனுமதியில்லாமல் பார்க்க முடியாது. நல்லதுதான். ஆனால் எங்கள் பழைய வீடியோ மீட்டிங் மென்பொருளுக்கு அந்த அனுமதியைக் கேட்கத் தெரியவில்லை. மூன்று மாதமாக நான் வரைந்த பாலத்தின் படத்தைக் காட்டினால், எதிர்முனையில் இருந்தவர்களுக்கு வெறும் கறுப்புதான் தெரிந்தது.

"கரண்ட்டு போவும், காயிதம் போவாது. எதுக்கும் ஒரு பிரிண்ட் எடுத்து வெச்சுக்கடி" என்பீர்களே, எடுத்து வைத்திருந்தேன். அதைக் கேமரா முன்னால் இரண்டு கையாலும் பிடித்தபடியே பேசி முடித்தேன். படத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. எப்போதும் என் காகிதங்களைக் கிண்டல் செய்யும் மேலாளர், தனக்கும் ஒரு பிரிண்ட் கேட்டார். உங்களுக்குத்தான் நன்றி, அம்மா.

அந்தப் புதுப்பித்தலில் தமிழ் டைப்பிங்கும் நின்றுபோனது. அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கையால் எழுத ஆரம்பித்தேன். நேற்றே சரியாகிவிட்டது, ஆனாலும் பேனாவைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

வீடியோ காலில் போனை நேராகப் பிடியுங்கள், எனக்கு மின்விசிறி மட்டும்தான் தெரிகிறது. தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன். சிதம்பரத்தில் ஜூலி கல்யாணத்தில் எடுத்த உங்கள் போட்டோவை அனுப்புங்கள். என் போனில் இருக்கிறதுதான். எதற்கும் ஒரு பிரிண்ட்.

உங்கள்
ஜெசிந்தா