அடுப்படி வரை கேட்ட பேனா

இன்று காலை ஜப்பானிலிருந்து பார்சல் வந்தது. அங்கே வேலை பார்க்கும் என் மகள் உனக்காக அனுப்பியது. நீ போன சேதியை நான் அவளுக்குச் சொல்வதற்கு முன்பே கிளம்பிவிட்டதாம். பிரித்ததும் சீவாத பென்சிலின் மரவாசனை அடித்தது. ஒரு பெட்டி 4பி பென்சில், கூடவே பிரஷ் பேனாக்கள். உனக்குப் பிடித்த, முனை கொஞ்சம் விறைப்பாக இருக்கும் ரகம். திருப்பி அனுப்பவும் மனசில்லை, பத்திரமாகப் பூட்டி வைக்கிற ஆளும் நான் இல்லை. ஒரு பென்சிலைச் சீவி உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் வேலை பார்த்த சுரங்கத்தில் நீ ஷிஃப்டில் இருந்தால் கண்ட்ரோல் ரூமுக்கு போனே தேவையில்லை என்று கேலி செய்வோம். "பெல்ட்ட நிறுத்துங்கடா, மண்ணு வழிஞ்சிக்கினு கெடக்குது" என்று நீ ஒரு சத்தம் போட்டால், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் எதிர்முனைக்காரன் பதில் சொல்வான். நாம் ஒரே பேட்சில் சேர்ந்தவர்கள். நீ வயதில் மூத்தவன் என்பதால் முதல் நாளே என்னை மாப்ள ஆக்கிக்கொண்டாய். நீ குறிஞ்சிப்பாடிக்காரன், நான் மதுரைப் பக்கம். உன் பேச்சு பழக எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஷிஃப்ட் முடியும்போது மண் சுமக்கும் எந்த பெல்ட் எப்போது நின்றது, ஏன் நின்றது என்று ஷீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவில் கார்பன் வைத்து மூன்று காப்பி. "மூணாவது காப்பில தெரியலன்னா நீ எழுதவே இல்லன்னு அர்த்தம், மாப்ள" என்பாய். பால்பாயின்ட் பேனாவை உளி மாதிரி பிடித்து அழுத்துவாய். கடைசித் தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து விரலில் தட்டும். எத்தனை வருட அழுத்தம் அது. கை அதற்கே பழகிப் போய்விட்டது, உனக்கும் எனக்கும்.

ரிட்டயர் ஆனாய், குவார்ட்டர்ஸைக் காலி செய்து குறிஞ்சிப்பாடி வீட்டுக்குப் போனாய். அடுத்த வருடமே தொண்டையில் கட்டி. உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள், எடுத்துவிட்டார்கள். நீ வீடு திரும்பியதும் பார்க்க வந்தேன். உன்னோடு இருக்கும்போது எனக்கு வாய் திறக்கவே இடம் கிடைத்ததில்லை. அன்றைக்கு நான்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கே எரிச்சலாக இருந்தது.

உன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், சிலேட்டும் பல்பமும் வாங்கி வைத்திருந்தார். நீ அதைத் தொடவே இல்லை. தட்டச்சு செய்தால் வாசித்துக் காட்டும் செயலி ஒன்றை உன் செல்போனில் நான் போட்டுக் கொடுத்தேன். ஒரு வரி கேட்டாய். அடுத்த வரியாக, "எவ இவ, என் வூட்ல வந்து பேசிக்கினு?" என்று அடித்தாய். அதையும் அந்தப் பெண்குரலே மரியாதையாக வாசித்தது. அக்கா சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. பால்பாயின்ட் பேனாவால் நாலு வார்த்தை எழுதுவதற்குள் கை வலித்து உதறுவாய், சொல்ல வந்ததை விட்டுவிடுவாய். இப்படியே விட்டால் நீ பேச்சையே விட்டுவிடுவாய் என்று பயந்தேன்.

மகள் லீவில் வந்தபோது எனக்குக் கொடுத்த ஜப்பான் பென்சில்கள் பீரோவில் கிடந்தன. எடுத்து வந்தேன். முதலில் ஹெச்பி. நீ அழுத்திய அழுத்தில் முனை தெறித்து டம்ளரில் விழுந்தது. அடுத்தது 2பி, அதுவும் போச்சு. கடைசியில் இருப்பதிலேயே மென்மையான 4பி. வெண்ணெயில் கோடு போட்டது போல் ஓடியது. "இது நல்லாக்கீது" என்று பேசுகிற மாதிரியே எழுதினாய். அப்புறம் நிறுத்தவே இல்லை. மைன்ஸில் யார் யாரைத் திட்ட வேண்டுமோ அவர்களையெல்லாம் அன்றைக்கு எழுதித் திட்டித் தீர்த்தாய்.

ஆனால் அது பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற எனக்குத்தான் சரிப்பட்டது. அக்காவோ அடுப்படியில் நிற்பவர். "கையத் தொடச்சிக்கினு, கண்ணாடியத் தேடி எடுத்துக்கினு வர்றதுக்குள்ள இவரு பேப்பரக் கிழிச்சிடறாரு தம்பி" என்றார். நீ என்னிடம் எழுதிக் காட்டினாய்: "அவ வர்றதுக்குள்ள சண்ட ஆறிப்போவுது. அப்பறம் எதுக்கு எழுதணும்?" ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை பேசினால் அதிகம் என்று ஆகியிருந்தது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மகளிடம் சொன்னேன். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி எழுத பிரஷ் பேனா இருக்கிறது, அங்கே தினசரிப் புழக்கத்துக்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி இரண்டு மூன்று அனுப்பினாள். முதல் பேனாவை நீ கார்பன் தாளில் எழுதுகிற மாதிரி அழுத்தினாய். முனை விரிந்து பழைய பல்துலக்கி ஆகிவிட்டது. இரண்டாவதை நான் அழுத்தினேன், அதுவும் அதே கதி. கோபத்தில் நீ மூடியை எறிந்தாய். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "யோவ், மூணாவது காப்பி கெடையாதுய்யா. ஒரே காப்பிதான். கீழ கார்பனும் இல்ல, தாளும் இல்ல" என்றேன். நீ என்னையே பார்த்தாய். பிறகு பேனாவைத் தாளில் சும்மா வைத்தாய், இழுத்தாய். கறுப்பாக, ஈரமாக ஒரு கோடு வந்தது.

மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம்தான் உனக்கு வாகாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பை வாயில் வைத்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, தாள் முழுக்க "உப்பு" என்று எழுதி அடுப்படியைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தாய். அக்கா அங்கிருந்தபடியே, "தெரியுது, கத்தாதீங்க" என்றார்.

சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டார். "இன்னிக்குத்தான் தம்பி ஆஸ்பத்திரிலருந்து வூட்டுக்கு வந்திருக்காரு" என்று என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். நீ அடியில் மெல்லிய கோட்டில், சின்னதாக, "அழாதடி" என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினாய். முனையைப் படுக்க வைத்தால் சத்தம், நுனியால் தொட்டால் ரகசியம். அதை உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு உங்கள் வீட்டில் சண்டைக்குக் குறைவில்லை. டிவி சத்தத்துக்கு ஒரு தாள், பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஒரு தாள், நான் வரத் தாமதமானால் வாசலிலேயே ஒரு தாள். அந்த நோய் திரும்பி வந்தபோதுகூட டாக்டரிடம் நீதான் பெரிதாக எழுதிக் கேட்டாய்: "எவ்ளோ நாளு?" அவர் தணிந்த குரலில் பதில் சொன்னார். கடைசி வாரத்தில் உன் கைக்கு நுனி மட்டும்தான் வாய்த்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றாமலே உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடிக்குப் போயிருந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பஸ் ஹாரன், பக்கத்து வீட்டு ஆடு. அக்கா காபியைக் கொடுத்துவிட்டு நின்றார். "அவரு போனதுலருந்து வூடு சத்தமே இல்லாம கெடக்குது தம்பி" என்றார். இரண்டு வருடமாக உன் வாயிலிருந்து ஒரு சத்தமும் வராத வீட்டில் நின்றுகொண்டு சொல்கிறார். சொன்ன பிறகு அவருக்கே அது உறைத்து, என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாக்கா" என்றேன். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.