உங்கள் படத்துக்கு இடமில்லாத பக்கம்

அக்கா,

இன்று காலை உங்கள் மூத்த மகன் உங்கள் படத்தைச் செய்தித்தாளில் சுற்றி என் பட்டறைக்கு எடுத்து வந்தான். பிரித்ததும் சாம்பிராணி வாசம். நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. எதற்குக் கொண்டு வந்தான் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தோம். நீங்கள் மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. நம் கிரைண்டர் கம்பெனிக்கு வெப்சைட் போட்டது நினைவிருக்கும். அவிநாசி ரோட்டில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்த சமயம். கல்யாணப் பத்திரிகை அடிப்பது போலவே அதையும் செய்யச் சொன்னீர்கள். முதலில் பிள்ளையார், அப்புறம் மாமனார், மாமியார், பிறகு வயசு வரிசையில் எல்லார் முகமும். கிரைண்டர் அவர்களுக்கெல்லாம் கீழே. விலையும் ஃபோன் நம்பரும் அதற்கும் கீழே.

என் படத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள். சமையல்கட்டில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள்: "அஞ்சாங்கிளாஸ் படிச்சவளை உலகத்துக்குக் காட்டி என்ன ஆகப்போகுது அம்மணி?"

கண்காட்சி கண்காட்சியாகப் போய் மாவு அரைத்துக் காட்டி அந்தக் கிரைண்டரை விற்றது யார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

என் மகள் வயிற்றுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு நம் பக்கத்தைப் பார்க்கப் பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தேன். திரையில் பிள்ளையார் வந்து சேரவே அவ்வளவு நேரம். மாமனார் தலைப்பாகையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கினார். உங்கள் மூக்குத்தி தெரிவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் வேலையை முடித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார். கிரைண்டர் வாங்க வருகிறவன் நம் குடும்பத்தையா பார்க்க வருகிறான்? உங்களை எங்கே அடிக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பாகம் பிரிந்து சின்னப் பட்டறை என் கைக்கு வந்ததும் பேத்தியிடம் ஒரே ஒரு பக்கம் செய்யச் சொன்னேன். தலைமாட்டில் ஃபோன் நம்பர். அடுத்து எத்தனை லிட்டர், என்ன விலை, எந்த ஊருக்கெல்லாம் அனுப்புவோம். சின்னதாக ஒரு கிரைண்டர் படம். "உங்க படம் வேண்டாமுங்களா அம்மிச்சி?" என்றாள். வேண்டாம் என்றேன்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு கடைக்காரர் கூப்பிட்டு ஆர்டர் கொடுத்தார். முதலில் உங்கள் பக்கத்துக்குத்தான் போனாராம். "பெரியவர் மீசை வரைக்கும் வந்துச்சுங்க. அதுக்குள்ள லைன் கட்டாயிப்போச்சு."

அன்று வடை சுட்டு உங்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். எதற்கென்று சொல்லவில்லை. தின்றுவிட்டு, உப்புக் குறைச்சல் என்று சொல்லியனுப்பினீர்கள்.

இப்போது உங்கள் நினைவு நாள் வருகிறது. "எங்க பக்கம் தொறக்கறதுக்குள்ள பாக்கறவங்க எந்திரிச்சுப் போயிர்றாங்க சின்னம்மா. உங்க பக்கத்துல அம்மா படத்தைப் போட்டா நாலு பேரு பாப்பாங்க" என்றான் உங்கள் மகன். நல்ல பையன். மோர் கொடுத்தேன்.

"அதுல யாரு மூஞ்சியும் இல்லாததாலதான் அது சீக்கிரம் தொறக்குது கண்ணு" என்றேன். படத்தை அதே தாளில் நானே சுற்றிக் கொடுத்தேன்.

அந்தச் சமையல்கட்டுப் பேச்சு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது அக்கா. இறக்கி வைக்க மனசில்லை. ஃபோன் அடிக்கிறது. நீள மணி, வெளியூர்தான். நான் போய் எடுக்க வேண்டும்.