டெல்மாவின் தாயார்

எட்மண்டன், லண்டன்,
12.11.1987

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

நான் துப்புரவு செய்யும் ஒலிப்பதிவுக் கூடத்தில் டெல்மா என்ற அமெரிக்கப் பாடகி பாடுகிறார். கூடப் பாடிய குழுவை விட்டு, தனியாகப் பெயரெடுக்க லண்டன் வந்தவர். நேற்று அவருடைய தமக்கை தொலைபேசியில் பேசினாராம். தாயார் இறந்து, அடக்கமும் முடிந்துவிட்டதாம். இங்கே அடிக்கடி அறை மாறிய டெல்மாவை அதற்கு முன் தேடிப் பிடிக்க முடியவில்லையாம்.

அவர் பாட்டைப் பாடி முடித்துவிட்டுத்தான் அழுதார். வாளியோடு நின்ற என்னிடம், "என்ர குரல் எத்தனை இசைத்தட்டில இருக்கு! அம்மான்ர குரல் ஒண்டிலயும் இல்லை. உனக்கு அம்மா இருக்கிறாவோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அம்மா, தங்கச்சியிடம் சொல்லி ஒரு கசற்றில் பேசிப் பதிந்து அனுப்புங்கள். கேட்க ஆசை, வேறொன்றுமில்லை. என்ன பேசுவதென்று யோசிக்க வேண்டாம். கோழிகளைக் கூப்பிட்டாலும் போதும்.

பஸ் தரிப்பிடத்தில் இருந்து எழுதுகிறேன்; பஸ் வருகிறது.

உங்கள் மகன்
யோகராசா