எனக்காக ஒரு ஜெபம்

ஜனவரி 12, ஞாயிறு

எனக்கு நிச்சயமாகியிருக்கும் எட்வின் முத்தமிட்டதை கிரேஸ் அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன், வியாழக்கிழமை சின்னாளப்பட்டி பஸ்ஸில். பாவம் என்றே தோன்றவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது என்றேன்.

"யார்ட்டயும் மூச்சு விடமாட்டேன்டி. ஜெபத்துல மட்டும் வச்சுக்கிறேன்" என்றாள்.

இன்று சர்ச் வாலிபர் கூட்டத்தில் ஜெபிக்க மைக்கைப் பிடித்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே சோதனையில விழுந்து, அது பாவம்னுகூட உணராத ஒரு மகளை மன்னியும் ஆண்டவரே."

பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அங்கே நிச்சயமானவள் நான் ஒருத்திதான். பெஞ்சு பெஞ்சாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

மகளாம். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மகன் மேடையில் கண்ணை மூடியபடி கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான்.

எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னதும் அவன்தான்.