எம் அடுக்கு வரை

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பு சௌக்கியம்தான், அங்கே நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவைத் திறந்திருக்கிறேன். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், அவளும் தினமும் பக்கத்து வீடு வரை நடந்துபோய் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறாள். சமையலறைக் குழாயைப் பார்க்க பிளம்பர் மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் வேறு வேறு காரணம் சொன்னார், சொட்டுவது மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் அவளே ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறாள், பிறகு இந்த மனுஷன் எதற்கு நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் அவள் என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எனக்குச் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. காகிதம் என்றால் முகத்தைப் பார்க்க வேண்டாம் பார்.

ஒரு வருஷத்துக்கு மேலாக நான் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஓர் அகராதி கிடைத்தது, அதுதான் எனக்கு வாத்தியார். இலக்கணம் எல்லாம் இந்த வயதில் மண்டையில் ஏறாது. ஆஸ்பத்திரி ரிக்கார்டு ரூமில் முப்பத்தொரு வருஷமாக எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான், முதல் எழுத்தைப் பார், அந்த அடுக்குக்குப் போ. அதனால் வார்த்தைகளையும் அப்படியே அடுக்கினேன். அச்சுக் கோணலாகிப் போட்டுவைத்த வெற்று அட்டைகள் ஒரு கட்டு இருந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை, ஓர் எழுத்துக்கு ஒரு மாதம், ஏ முடியாமல் பி-யில் கை வைப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் அடுக்குகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். பெரிய நர்ஸ் அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, என்ன சார் யாருக்காவது சாபம் குடுக்கறீங்களா என்று கேட்டாள். இப்போது அவள்தான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பரீட்சை நடத்துகிறாள், தப்பாகச் சொன்னால் ஊசி போட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறாள்.

ஒரே எழுத்தோடு ஒரு மாதம் குடித்தனம் நடத்தினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. உலகத்தில் அந்த எழுத்தில் தொடங்கும் சாமான்கள் மட்டும்தான் இருக்கின்றன என்பதுபோல ஆகிவிடுகிறது. ஏ மாதத்தில் ஆகுவா என்றால் தண்ணீர், ஆர்போல் என்றால் மரம், அஸுல் என்றால் நீலம், தூங்கினால் நீலத் தண்ணீருக்குள் நீல மரம் நின்றுகொண்டிருக்கும், நான் அதன் கிளையில் செருப்போடு உட்கார்ந்திருப்பேன். சி மாதத்தில் வீடு காஸா, கட்டில் காமா, பாதை காமினோ, ரிக்கார்டு ரூமின் அடுக்குகளுக்கு நடுவே ஒரு பாதை போவதும், அதில் நம் வீட்டுக் கட்டில் தானாக நகர்ந்து போவதும், அதில் உன் அம்மா கவலையில்லாமல் தூங்குவதும் கனவு. எச் என்ற எழுத்து இருக்கிறதே, அதை எழுதுகிறார்கள், ஆனால் உச்சரிப்பதில்லை, எங்கள் ஆபீசில் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிற ஒரு மனிதரைப் போல. அந்த ஊமை அடுக்கில்தான் ஈஹா இருந்தது. ஈஹா என்றால் மகள். அன்றைக்கு அதற்கு மேல் ஒரு அட்டையும் எழுதவில்லை, ஜன்னல் பக்கம் போய் வாகனங்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல் மாதம் முழுக்க லூனா, லாகோ, லூஸ், நிலாவும் ஏரியும் வெளிச்சமும்தான். பஸ்ஸில் வரும்போதுகூட கண்ணை மூடினால் ஏரியில் நிலா மிதக்கும், பஸ் தண்ணீர்மேல் சத்தமில்லாமல் போகும், இரண்டு தடவை இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் திரும்பி நடந்து வந்தேன். லெஹோஸ் என்பதும் அந்த அடுக்குதான், தொலைவு என்று அர்த்தம். கனவில் ஏரிக்கு அந்தக் கரையில் நீ நிற்பாய், உன் பக்கத்தில் இன்னொருவர் நிற்பார், அவர் முகம் மட்டும் எனக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம். ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ அவரைப் பற்றிச் சொன்னபோது, அவர் பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவருக்குப் புரியாது, இதுல என்ன உறவு வேண்டிக்கிடக்கு என்று வீடு அதிரக் கத்தினேன். கல்யாணத்துக்கு நானும் வரவில்லை, உன் அம்மாவையும் விடவில்லை. அன்றைக்கு மாலை நீ போன் செய்து அவரிடம் கொடுத்தாய். மாமா நல்லா இருக்கீங்களா என்று அந்த மனுஷர் கேட்டார். ஒவ்வோர் எழுத்தையும் தடவித் தடவிப் பார்த்துத்தான் கேட்டார். நான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், சுட்டுவிட்டதுபோல போனை அம்மா கையில் திணித்துவிட்டேன். அதற்குப் பிறகு என் குரல் கேட்டாலே அவர் எழுந்து போய்விடுவார். வீடியோவில் ஆறு வருஷமாக நான் பார்த்தது அவருடைய முழங்கையை மட்டும்தான். போன வருஷம் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமலே அம்மா சொன்னாள், ஒவ்வொரு ஞாயிறும் போனுக்கு முன்னால மாமா கோபம் தீர்ந்துச்சான்னு நம்ம பொண்ணுகிட்ட அவரு கேக்கறாராம் என்று. மறுநாள் மத்தியானம்தான் பழைய புத்தகக் கடைக்குப் போனேன். நாலு வார்த்தை சேர்த்துக்கொண்டு பேசலாம் என்று நினைத்தேன், நாலு நானூறாகியும் தைரியம் வரவில்லை. முழுக்க முடித்துவிட்டுப் பேசலாம், இசட் வரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே.

போன மாசம் ஒரு ஞாயிறு நீ அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை மேஜையில் சாய்த்துவிட்டு ஓடினாய், இங்கே அழைப்பு மணி அடித்து அம்மாவும் எழுந்து போனாள். அந்த நேரம் பார்த்து அவர் வேலை முடிந்து வந்தார், பஸ் டிரைவர் சட்டையைக்கூட மாற்றவில்லை, போனில் யாரும் இல்லை என்று நினைத்துக் குனிந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். முதல் தடவையாக முழு முகம். கண்ணுக்குக் கீழே களைப்பு, காதோரம் கொஞ்சம் நரை, நல்ல முகம்மா அவருக்கு. அவர் நகரப் போனார், எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, வணக்கம் சொல்லக் கற்ற ஓலா கூட மறந்துபோய், அந்த மாதம் எந்த அடுக்கில் இருந்தேனோ அதை அப்படியே ஒப்பித்துவிட்டேன். மேஸா, மானோ, மார், மாப்பா என்று, மேஜை கை கடல் வரைபடம் என்று, பைத்தியக்காரன் மாதிரி. அவர் சிரித்திருந்தால் போனை வைத்திருப்பேன். சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துக் காட்டி மன்ஸானா என்றார். நானும் மன்ஸானா என்றேன். தேன் பாட்டிலைத் தூக்கி மியெல் என்றார், இழுப்பறையைத் திறந்து சுத்தியலை எடுத்து மர்த்தீயோ என்றார், மேஜை விரிப்பின் நுனியைத் தூக்கி மன்தெல் என்றார். உன் சமையலறையில் எம்-மில் தொடங்குவது அத்தனையும் ஒவ்வொன்றாக வந்து எனக்கு முகம் காட்டிவிட்டுப் போயிற்று. பத்து நிமிஷம் இருக்கும். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேனா என்று இன்றுவரை சந்தேகமாக இருக்கிறது. நீ திரும்பி வந்து என்ன நடக்குது இங்க, மேஜை எல்லாம் சாமானா கெடக்கு என்றாய், இரண்டு பேரும் திருடர்கள்போல ஒன்றுமில்லை என்றோம், அவர் மறுபடி எழுந்து போய்விட்டார். என் கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் முழங்கையும் போய்விட்டது.

அன்றைக்கு அகராதியை எடுத்து, மாப்பிள்ளை என்பதற்கு என்ன வார்த்தை என்று தேடினேன். யெர்னோ. ஒய் அடுக்கு, அதற்குப் பிறகு இசட் மட்டும்தான் மிச்சம். என் வரிசைப்படி போனால் அவரை அடைய இன்னும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு நாளும் அடுக்கு தாண்டிப் போகாதவன் நான், இப்போது என் முதல் தப்பைச் செய்துவிட்டேன், நடுவில் இருக்கிற எழுத்துகளை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு ஓ-வுக்கு அடுத்த பி-யிலிருந்து பெர்தோன் என்ற மன்னிப்பை மட்டும் எடுத்தேன், ஒய்-யிலிருந்து மாப்பிள்ளையை மட்டும் எடுத்தேன். இரண்டு அட்டையும் என் சட்டைப் பையில் இருக்கின்றன. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற முதல் ஞாயிறு, போனை நீ எடுக்காதே, அவரிடம் கொடு. கொடுத்துவிட்டு நீ வெளியே போய்விடு, கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்காதே, நான் தடுமாறினால் ஓடிவந்து மொழிபெயர்க்காதே. அம்மாவை இங்கே நான் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், அதற்கு அவளைக் கெஞ்ச வேண்டியதில்லை. அந்த இரண்டு வார்த்தையை அவர் மொழியில் சொல்லிவிட்டு, நல்லா இருக்கேன் மாப்பிள்ளை என்று நம் மொழியிலேயே சொல்லப் போகிறேன். அவர் நம் மொழியில்தானே கேட்டார்.

உங்கள் இரண்டு பேருக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் நிறைய இருக்கவேண்டும், வேலை விட்டு வந்தால் நிம்மதியாகத் தூக்கம் வரவேண்டும் என்று மனசார ஆசீர்வதிக்கிறேன். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் உட்காராதே. அவர் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது, விழுவதற்குள் யாராவது ஒருவர் தைத்துவிடுங்கள்.

உன் அப்பா,
அவருடைய மாமா.