கார்டு தேய்த்த பிறகு

அப்பாவுக்கு மகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எனக்குப் பகுதி நேர வேலைதான். நாலு மணி நேரம் தாண்டினால் எங்கள் வைத்தியச் செலவு கம்பெனி தலையில் விழுமாம். அதனால் நேரம் முடிந்ததும் வாசலில் கார்டைத் தேய்த்துக் கிளம்பியதாகக் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே வந்து மிச்ச வேலையை முடிப்போம். முடியாது என்றால் மறுநாள் கூப்பிடமாட்டார்கள்.

போன வாரம் அப்படி வந்து நின்ற பக்கத்து மெஷின் அக்காவின் கை வெட்டும் மெஷினில் மாட்டிக்கொண்டது. பயப்படாதீர்கள், இரண்டு விரல்தான்.

"அந்தம்மா அப்பவே கிளம்பிட்டாங்களே, கார்டுல பாருங்க" என்றார் சூப்பர்வைசர், விசாரித்தவர்களிடம். அக்கா இப்போது வருவதில்லை. அவருடைய மெஷின் எனக்கு. "உனக்கு அதிர்ஷ்டம்மா" என்று சூப்பர்வைசர் வேறு சொன்னார்.

ஒரு சின்ன வேலை அப்பா. பீரோவில் என் ரத்த வகை எழுதிய சீட்டு இருக்கும், தபாலில் அனுப்புங்கள். அதோடு நீங்களும் நாலு வரி, எதைப் பற்றியாவது.

சூப்பர்வைசர் கூப்பிடுகிறார், மிச்ச அட்டைகளை வெட்ட வேண்டும். கார்டு தேய்த்துப் பத்து நிமிடமாகிறது. கம்பெனியைப் பொறுத்தவரை நான் இப்போது வீட்டில் இருக்கிறேன்.

உங்கள் மகள்